சீனி வியாதிக்காரரின் காலில் காயமா? வலி இல்லை என்று விட்டுவிட வேண்டாம்



மலையில் வேலை செய்கிற நம்மவர்களின் கால்களுக்குக் காயம் புதிதல்ல. அட்டை கடிக்கும், முள் குத்தும், கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைக் கட்டை ஈட்டி மாதிரி நிற்கும், மழை நாளில் கானில் கால் வழுக்கும். சின்னக் காயத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கொஞ்சம் மஞ்சளை அப்பிக்கொண்டு அடுத்த நாள் கொழுந்துக்குப் போய்விடுவோம். சீனி வியாதி இல்லாதவருக்கு அது அநேகமாகத் தானாகவே ஆறிவிடும். சீனி வியாதி உள்ளவருக்கு அப்படியில்லை. அதே முள், அதே கல், ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு.

சீனி வியாதி டவுனில் இருக்கிற வசதிக்காரருக்கு வரும் நோய் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நாட்டின் ஏழு மாகாணங்களில் எடுத்த கணக்கின்படி, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அதற்குப் பிறகு இது கூடியதே தவிரக் குறையவில்லை. நமது லயங்களிலும் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு வருடம் கூடி வருவதை நானே பார்க்கிறேன். ஆகவே இது உங்கள் வீட்டு விஷயம் என்று நினைத்து வாசியுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

வலி ஏன் தெரிவதில்லை?

"வலிக்கவே இல்லீங்களே ஐயா, பிறகு எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?" இந்தக் கேள்வியை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சீனி வியாதியில் பயப்பட வேண்டிய இடமே அதுதான்.

இரத்தத்தில் சீனி பல வருடங்கள் கூடியே இருந்தால், காலுக்குப் போகும் நரம்புகள் மெதுவாகக் கெட்டுப்போகும். முதலில் பாதம் எரியும், ஊசி குத்துவது போல இருக்கும், எறும்பு ஊர்வது போல இருக்கும். பிறகு விறைத்துப் போகும். அந்த எரிச்சல் நின்றதும், "வருத்தம் குறைந்துவிட்டது" என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். பல பேருக்கு அது குறைந்ததில்லை, நரம்பு செத்துக்கொண்டு போவது. அதோடு காலில் வியர்வையும் குறைந்து தோல் காய்ந்து, குதிகால் வெடிக்கும். வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். இரத்தக் குழாய்களும் ஒடுங்குவதால் புண் ஆறுவதற்கு வேண்டிய இரத்தம் காலுக்குச் சரியாக வந்து சேராது. பீடி, சுருட்டு, சிகரட் குடிப்பவருக்கு இந்தக் குழாய்கள் இன்னும் சீக்கிரம் ஒடுங்கும்.

வலி என்பது காலுக்குக் காவல்காரன் மாதிரி. ஒரு கல் குத்தினால் "காலை எடு" என்று சொல்வது அவன்தான். அந்தக் காவல்காரன் இல்லாத காலில், செருப்பைத் துளைத்து வந்த ஆணியோடு ஒருவர் நாள் முழுக்க நடக்க முடியும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா அப்படித்தான் காலையிலிருந்து அந்தி வரை மலையில் நின்றார். வீட்டுக்கு வந்த பிறகு, "பாட்டி, நீங்க நடந்த இடமெல்லாம் ரத்தமா இருக்கு" என்று ஸ்தோப்பில் விளையாடிய பேரப்பிள்ளை சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அன்றைக்கே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார்கள், கால் தப்பியது.

உங்கள் காலில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம், செலவில்லை. சீனி வியாதிக்காரர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் தன் விரல் நுனியால் அவரது பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் நுனிகளை மெதுவாக, ஓரிரு வினாடி மட்டும் தொட வேண்டும். அழுத்தவோ சுரண்டவோ கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். தொடும் போது வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்குக் கூடவோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். காலைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காயம் பட்ட அன்றைக்கு

முதலில் உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு காயத்தைச் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். மழைக் காலத்தில் பீலித் தண்ணீர் கலங்கித்தான் வரும், ஆகவே கொதிக்க வைத்து நன்றாக ஆறவிட்ட தண்ணீர் நல்லது. காலைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டாம், தோல் ஊறி இன்னும் கெட்டுப்போகும். மண், தூசி போனதும் சுத்தமான துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. சுத்தமான கோஸ் துணியால் மூடி, இறுக்காமல் கட்டுங்கள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ குளிர்ந்துபோனாலோ கட்டு இறுகிவிட்டது என்று அர்த்தம். முள்ளோ கட்டைத் துண்டோ ஆழமாக ஏறியிருந்தால் ஊக்கு வைத்துக் கிண்ட வேண்டாம், அதை எடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலேயே, டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். ஏற்பு ஊசி போட வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம்" என்பது மற்றவர்களுக்குச் சரி வரலாம். சீனி வியாதிக்காரரின் காலுக்கு அந்த இரண்டு நாள்தான் எல்லாமே.

இனி, காயத்தில் போடக் கூடாதவை. நமது லயங்களில் நான் பார்த்ததை எழுதுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். கோப்பித் தூள், தேயிலைத் தூள், அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய், பற்பசை, மாட்டுச் சாணம். சாணத்தில் ஏற்பு வலிக் கிருமி இருக்கலாம். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் தோலைச் சுட்டுவிடும், அந்தச் சூடு தெரியாத காலில் எவ்வளவு சுட்டது என்றும் தெரியாது. தூள் வகைகள் காயத்தின் மேல் பொருக்குக் கட்டி நிற்கும், மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கீழே சீழ் பிடிக்கும். மஞ்சளும் அப்படித்தான், சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டெட்டோலையும் ஸ்பிரிட்டையும் அப்படியே ஊற்றுவது, கிருமியோடு சேர்த்துப் புதுச் சதையையும் கொன்றுவிடும். யாருக்கோ கொடுத்து மிஞ்சிய கெப்சூலை வாங்கி நாலு நாள் விழுங்குவதும் வேண்டாம். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அட்டைக் கடிக்கும் ஒரு வார்த்தை. அட்டையை நெருப்புக் குச்சியால் சுட்டு எடுக்க வேண்டாம், பிடுங்கி இழுக்கவும் வேண்டாம். நகத்தால் அதன் வாயை மெதுவாக நெம்பினால் விட்டுவிடும். கடித்த இடத்தைக் கழுவி மூடுங்கள். பிறகு அரிப்பெடுக்கும் போது சொறிந்து சொறிந்து புண்ணாக்குவதால்தான் பாதிக் கரைச்சல்.

காலுக்கு ஓய்வு

நல்ல மருந்து போட்டாலும், நாளுக்கு ஒரு தரம் கட்டு மாற்றினாலும், அந்தக் காலை ஊன்றி நடந்தால் அடிக்காலில் உள்ள புண் ஆறாது. ஒவ்வொரு அடி வைக்கும் போதும் உடம்பின் பாரம் முழுவதும் அந்தப் புண்ணின் மேல் இறங்குகிறது. பகலில் முளைத்த சதையைப் பகலிலேயே மிதித்துக் கொல்வது மாதிரி. வலி தெரிகிறவர் நொண்டி நொண்டியாவது அந்த இடத்தை விட்டு நடப்பார். உணர்வில்லாதவர் நேராக மிதிப்பார்.

இதைச் சொல்வது எனக்குச் சுகம், கேட்பது உங்களுக்குக் கஷ்டம். பேர் போட்டால்தான் சம்பளம். இரண்டு கிழமை வீட்டில் நின்றால் கடைக் கணக்கை யார் கட்டுவது, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் இரண்டு, மூன்று கிழமை நிற்காதவர், பிறகு புண் எலும்புக்குப் போய் ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடக்க நேரலாம். கூட நிற்பதற்கு வீட்டில் இன்னொருவரும் பேர் இழப்பார். விரலோ காலோ போனால் அந்த மலைக்குத் திரும்ப ஏறுவதே கடினம். சீனி வியாதியால் கால் எடுக்கப்பட்டவர்களில் 100க்கு 85 பேருக்கு அது முதலில் ஒரு சாதாரணப் புண்ணாகத்தான் ஆரம்பித்தது என்று வைத்திய நூல்கள் சொல்கின்றன.

ஆகவே டாக்டரிடம் எத்தனை நாள் ஓய்வு என்று எழுதி, துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஒபிசில் கொடுங்கள், ஒரு பிரதியை நீங்களும் வைத்திருங்கள். ஓய்வு முடிந்து வரும் போது உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்கலாம். உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் சொன்னால் துரையிடம் பேசிப் பார்ப்பார். எல்லா நேரமும் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், கேட்காமல் ஒரு நாளும் கிடைக்காது. வேலை நேரத்தில், வேலை செய்யும் போது பட்ட காயம் என்றால் அன்றைக்கே கங்காணியிடமும் ஒபிசிலும் சொல்லி எழுத வையுங்கள். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நமக்கும் உரியது. எழுதி வைக்காத காயத்துக்குப் பிறகு சாட்சி தேடுவது பெரும்பாடு.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆண் லீவில் நின்றால் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு நிற்பார். ஒரு பெண் லீவில் நின்றால் அன்றைக்குத்தான் வீட்டு வேலை முழுவதும் அவர் தலையில். விறகு, தண்ணீர், துவைக்கிற உடுப்பு, ரொட்டி தட்டுவது, மாடு இருந்தால் புல்லு. வேலைக்குப் போகவில்லை, ஆனால் கால் ஓயவில்லை. "மருமக சும்மாதானே இருக்கா" என்று சொல்கிற மாமியார்மாரும், "தேத்தண்ணி இன்னும் வரலியா" என்று ஸ்தோப்பிலிருந்து கேட்கிற கணவன்மாரும் இந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். அந்தக் கால் ஆறும் வரை தண்ணீர் தூக்குவது மற்றவர்களின் வேலை. வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது போன்றவற்றை அவர் உட்கார்ந்து செய்யட்டும். கக்கூசு லயத்துக்கு வெளியே பள்ளத்தில் இருந்தால் இரவில் உள்ளேயே ஒரு வாளி வையுங்கள். பகலில் போகும் போது கம்பு ஊன்றட்டும், ஒருவர் துணைக்குப் போங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவுவது, கால் வீங்கிச் சூடாக இருப்பது, சீழ், கெட்ட மணம், தோல் கறுப்பது, காய்ச்சல், நடுக்கம். இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்கள், இரவென்றாலும் போங்கள். சிவப்பு பரவுகிறதா என்று தெரியாவிட்டால் அதன் ஓரத்தில் பேனையால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் பரவுகிறது. இதுவரை வலிக்காத கால் திடீரென்று வலிக்கத் தொடங்கினாலும் நல்ல அடையாளமில்லை. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலும் காட்டுங்கள், உள்ளே எலும்பு நொறுங்கியிருக்கலாம்.

வாகனம் இல்லையே என்று விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. 2016 இல் ஆரம்பித்த இந்தச் சேவை இப்போது நாடு முழுவதும் உண்டு. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பாதை மோசமான டிவிஷன் என்றால் நோயாளியைப் பெரிய பாதை வரை தூக்கி வந்து நில்லுங்கள், நடத்திக் கூட்டி வர வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விஷயத்துக்கு நம் ஆட்கள் பயந்து, சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, புண்ணில் செத்த சதையை வெட்டி எடுப்பது. "வெட்டினா பெருசாகிடும்" என்பார்கள். வெட்டிய பிறகு புண் பெரிதாகத் தெரிவது உண்மைதான், ஏனென்றால் மூடியிருந்தது திறந்துவிட்டது. செத்த சதை உள்ளே இருக்கும் வரை புதுச் சதை முளைக்காது. ஒரு விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அநேகமாக அது காலைக் காப்பாற்றச் சொல்வது. ஏன், எவ்வளவு, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். சிங்களம் விளங்காவிட்டால் விளங்கிய ஒருவரைக் கூட்டிப் போங்கள், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள், விளங்கவில்லை என்பதற்காக ஓடியும் வராதீர்கள்.

மற்றது இன்சுலின் ஊசி. புண்ணில் கிருமி இருக்கும் போது சீனி ஏறும், சீனி ஏறினால் புண் ஆறாது. அதனால் குளிசை குடித்தவர்களுக்கும் கொஞ்ச நாள் ஊசி போடலாம். புண் ஆறிய பிறகு பலர் திரும்பக் குளிசைக்கு வருகிறார்கள். எதுவானாலும் புண் இருக்கும் நாட்களில் சீனிக் குளிசையைச் சொந்தமாக நிறுத்த வேண்டாம்.

புண் வராமல் பார்க்க

ஒவ்வொரு நாளும் அந்தியில் கால் கழுவும் போது அடிக்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். கண் மங்கியவர்களும் குனிய முடியாதவர்களும் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது, ஒரு டொபி கொடுத்தால் தினமும் ஞாபகமாக வந்து பார்ப்பார்கள். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம், விரல் இடுக்கில் பூச வேண்டாம், அங்கே ஈரத்தில் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவ வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். மலைக்கு றப்பர் செருப்பை விட மூடிய சப்பாத்து நல்லது. போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள், கல்லும் இருக்கும், சில நேரம் பூரானும் இருக்கும். நனைந்த மேஸை மாற்றாமல் நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டாம். புதுச் சப்பாத்தை முதல் நாளே முழு நாளும் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள்.

நமது குளிருக்கு அடுப்பருகில் காலை நீட்டிக் குளிர் காய்வது வழக்கம். உணர்வில்லாத காலுக்கு அது பெரிய ஆபத்து. கால் வெந்து கொப்பளித்த பிறகுதான் தெரியும். சுடுதண்ணீர் போத்தலைக் காலடியில் வைத்துப் படுப்பதும் அப்படியே. மேஸ் போட்டுக் கம்பளியால் மூடுங்கள், போதும்.

கோயில் விஷயமும் சொல்லத்தான் வேண்டும். திருவிழாவில் தீ மிதிப்பதும், வெயிலில் சுட்ட தார்ப் பாதையில் வெறுங்காலோடு காவடி, பால்குடம் எடுப்பதும் நமது பரம்பரை வழக்கம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சீனி வியாதிக்காரர், அதிலும் விரல் தொட்டால் தெரியாதவர், தீ மிதிக்கக் கூடாது. நேர்த்திக்கடன் இருந்தால் அன்னதானத்துக்கு அரிசி கொடுக்கலாம், அம்மனுக்குப் புடவை சாத்தலாம், வீட்டில் வேறொருவர் அவருக்காக எடுக்கலாம். தடித்த மேஸ் போட்டுக்கொண்டு கோயில் வாசலுக்கு வருவதை எந்தப் பூசாரியும் மறுத்ததாக நான் கேள்விப்படவில்லை. சந்தேகம் என்றால் முன்கூட்டியே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தரம் புண் வந்து ஆறியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பத்தில் நாலு பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவும் வருகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் போது கிளினிக் கொப்பி, குடிக்கிற குளிசைகளை அதன் உறையோடு, அடையாள அட்டை, மலைக்குப் போடுகிற செருப்பு அல்லது சப்பாத்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். செருப்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே காலில் எந்த இடம் அழுத்துகிறது என்று டாக்டருக்கு விளங்கும். கொப்பி தொலைந்திருந்தால் அதற்கு வெட்கப்பட்டுக் கிளினிக்கை விட வேண்டாம், கிளினிக் நாளன்று காலையிலேயே போய்ப் புதுக் கொப்பி கேட்டு வாங்கலாம்.